குருதியும் சுகரணமும்: உடலியக்க அறிவு தமிழில் எழுதப்பட்ட வரலாறு

1. தோற்றுவாய்

மனித உடலின் உறுப்புகள் எங்கெங்கு அமைந்துள்ளன என்பதை அறிவது வேறு. அவை ஒன்றோடொன்று இயைந்து எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிவது வேறு. முன்னது கண்ணால் காணத்தக்கது. பின்னது கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றை உய்த்துணர்ந்து, அளந்து, சோதித்து அறியத்தக்கது. இவ்விரண்டாவது அறிவு உலகில் முதிர்ந்த காலமும், ஐரோப்பிய மருத்துவம் இந்தியத் துணைக்கண்டத்தில் கல்வியாக நிலைகொண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு மொழிகள் அனைத்தும் ஒரே வினாவை எதிர்கொண்டன. உடலின் இயக்கம் பற்றிய புதிய அறிவை எம்மொழியில் கற்பிப்பது என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்குத் தமிழில் கொடுக்கப்பட்ட ஒரு விடை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உருவானது. ஒரு தலைமுறைக் காலத்துள் உடற்கூறு, உடலியக்கம், அறுவை, மகப்பேறு, வேதியியல், மருந்தியல் ஆகிய துறைகளின் பாடநூல்கள் தமிழில் வெளிவந்தன. அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நின்றது, இன்றைய கலைச்சொல்லாக்கத்திற்கு அது கூறுவது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பு மண்டலங்கள் அனைத்தையும் விரிப்பின் பெருகுமாதலின், குருதி ஓட்டம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2. பழைய மரபில் உறுப்பும் தொழிலும்

உடலுறுப்புகளுக்கான பெயர்கள் தமிழில் என்றும் குறைவுற்றிருந்ததில்லை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என ஈரலை மூவகையாகப் பகுத்துக் கூறும் வழக்கு, நிறத்தையும் தன்மையையும் தொட்டுப் பார்த்து இட்ட பெயர்களால் அமைந்தது. குடல், இரைப்பை, பித்தப்பை, நீர்ப்பை, குண்டிக்காய் என்பனவும் அத்தகையனவே. ஆட்டிறைச்சி விற்கும் கடையில் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அறுத்துப் பார்த்தவர் கண்ட உருவத்திற்கு இட்ட பெயர்கள் இவை.

தொழிலைப் பற்றிய கொள்கை இதனின் வேறாக வளர்ந்தது. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும், சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வித்து என்னும் ஏழு உடற்கட்டுகளையும் அடிப்படையாகக் கொண்டது. உண்ட உணவு சாரமாகிச் சாரம் செந்நீராகி, அது ஊனாகி, இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் என்பது அதன் கோட்பாடு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நோயின் காரணத்தை அம்மூன்றின் மிகுதி குறைவிலும், நோய் வாராமைக்குரிய வழியை முன்னுண்டது செரித்தமை அறிந்து பின் உண்பதிலும் வைத்துக் கூறுவது இம்மரபின் தொன்மைக்குச் சான்றாகும். இங்கு மூளை என்னும் சொல் தலைக்குள் இருப்பதை அன்றி எலும்பினுள் இருக்கும் சோற்றைக் குறிப்பது நோக்கத்தக்கது. இவ்விரு பொருளும் அச்சொல்லுக்குப் பழமையாகவே உண்டு.

வடமொழியில் சுசுருத சங்கிதை உடலை ஆராயும் முறையையே விதித்துள்ளது. இறந்த உடலைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு நாள் இட்டு, நெகிழ்ந்த பின் தோல் முதலாக ஒவ்வோர் அடுக்காகத் தேய்த்து நீக்கிக் கண்ணால் காணவேண்டும் என்பது அவ்விதி. அந்நூல் சிரைகள் எழுநூறு என்றும், தமனிகள் இருபத்து நான்கு என்றும், அவை தொப்புளிலிருந்து தோன்றுவன என்றும் கூறுகிறது. வாய்க்கால்கள் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவது போலச் சிரைகள் உடலை வளர்க்கின்றன என்பது அதில் வரும் உவமை. இவ்வுவமை பின்னர் நமக்குப் பயன்படும்.

3. வாய்க்காலிலிருந்து வட்டத்திற்கு

கிரேக்க மருத்துவர் கேலன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிறுவிய கொள்கையும் இவ்வுவமைக்கு மிக நெருங்கியதே. உணவின் சாரம் கல்லீரலை அடைந்து குருதியாகிறது. அக்குருதி உடலெங்கும் சென்று உறுப்புகளால் உண்ணப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது. நெஞ்சின் வலப்பகுதியிலிருந்து இடப்பகுதிக்கு நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகள் வழியே சிறிது குருதி கசிகிறது என்பது அவர் கருத்து. வயலுக்குச் சென்ற நீர் வாய்க்காலுக்கு மீள்வதில்லை; அதுபோலவே குருதியும் மீள்வதில்லை என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நம்பப்பட்டது.

நடுச்சுவரில் துளையில்லை என்று முதலில் துணிந்து எழுதியவர், டமாஸ்கஸ் நகர்ப் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராய் விளங்கி 1288இல் மறைந்த இப்னு அல்நஃபீஸ் ஆவார். வலப்பக்கத்துக் குருதி நுரையீரல் வழியாகச் சென்று காற்றுடன் கலந்தே இடப்பக்கத்தை அடைய வேண்டும் என்று அவர் இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய உரையில் விளக்கினார். அவ்வுரையின் படி ஒன்று பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டு வெளிப்படுத்தும் வரை, இச்செய்தி பொது வரலாற்றில் இடம் பெறவில்லை. எழுதப்பட்ட அறிவும் படிப்பார் இல்லாவிடின் இல்லாததற்கு ஒப்பாகும் என்பதற்கு இது சான்று.

1543இல் வெசாலியஸ் உடற்கூற்று நூலை வெளியிட்டார். பாதுவா நகரில் ஃபப்ரீசியஸ் சிரைகளினுள் அமைந்த வால்வுகளை 1603இல் விளக்கினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலே பழைய கொள்கையை வீழ்த்தியது. அவர் கையாண்ட கருவி எளிய கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் நெஞ்சு வெளித்தள்ளும் குருதியை மிகக் குறைந்த அளவாகக் கொண்டு அரை மணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினாலும், கிடைக்கும் அளவு உண்ட உணவிலிருந்து உண்டாகக் கூடியதை விடவும், உடலில் உள்ள மொத்தக் குருதியை விடவும் மிகுதியாக இருந்தது. எனவே குருதி புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்க இயலாது. சென்றதே திரும்பி வரவேண்டும். இன்றைய அளவைக் கொண்டு இக்கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர், நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர்; நாளொன்றுக்கு 7,000 லிட்டர். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள குருதியோ ஏறத்தாழ 5 லிட்டரே.

தமனியின் நுனியிலிருந்து சிரையின் தொடக்கத்திற்குக் குருதி எவ்வாறு செல்கிறது என்பதை ஹார்வி காணவில்லை. 1661இல் மால்பீகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நுண்குழாய்களைக் கண்டபோது வட்டம் முழுமையுற்றது. வாய்க்கால் உவமை மறைந்து சுற்று என்னும் கருத்து நிலைபெற்றது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கிளாட் பெர்னார் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கிக் குருதியில் சேர்ப்பதைக் காட்டினார். உயிரணுக்கள் வாழ்வது வெளிச் சூழலில் அன்று, உடலினுள்ளே நிலையாகக் காக்கப்படும் நீர்மச் சூழலில் என்னும் அவர் கருத்து, செரிமானம், சுவாசம், கழிவு நீக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே நோக்கின் கீழ்க் கொணர்ந்தது. அமெரிக்கராகிய ஜான் கால் டால்டன் பாரிஸ் சென்று பெர்னாரிடம் பயின்று, 1859இல் மனித உடலியக்கம் பற்றிய பாடநூலை வெளியிட்டார். இந்நூலே பின்னர் தமிழுக்கு வந்தது.

4. இந்தியாவில் எழுந்த மொழி வினா

ஐரோப்பிய உடற்கூற்று அறிவை இந்திய மொழியில் தருதல் வங்காளத்தில் முன்னரே தொடங்கியது. ஃபெலிக்ஸ் கேரி வங்க மொழியில் வித்யாஹாராவலி என்னும் பெயரால் உடற்கூற்று நூலை 1820ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டார். 1822இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்விக்கூடம் இந்திய மொழி வழியாகவே பயிற்சி அளித்தது. 1835இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டில் ஆங்கில வழிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியும், சென்னையில் மருத்துவப் பள்ளியும் தோன்றின. 1836இல் மதுசூதன் குப்தா கல்கத்தாக் கல்லூரியில் மனித உடலை அறுத்து ஆராய்ந்த நிகழ்ச்சி புதிய கல்வியின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அதே குப்தா உடற்கூற்று நூலொன்றை வடமொழியில் ஆக்கியவர் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை.

ஆங்கிலம் வென்ற பின்னும் தேவை மறையவில்லை. படைகளுக்கும் மாவட்ட மருந்தகங்களுக்கும் பெருந்தொகையினர் தேவைப்பட்டமையால் அதே கல்கத்தாக் கல்லூரியில் 1839இல் இந்துஸ்தானி வகுப்பும், 1852இல் வங்க வகுப்பும் திறக்கப்பட்டன. எனினும் உயர்நிலை மருத்துவர் ஆங்கிலத்திலும், கீழ்நிலை உதவியாளர் தாய்மொழியிலும் பயிலும் ஏற்றத்தாழ்வு இதனால் நிலைத்தது. உடலியக்க அறிவைத் தாய்மொழியில் கூறுவது அறிவின் குறைந்த வடிவம் என்னும் எண்ணம் வேர்கொண்டது இங்கேதான்.

5. மானிப்பாய் முயற்சி

யாழ்ப்பாணத்தில் நிலை வேறாக இருந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் பெயர்களால் அரசர் காலத்து மருத்துவ நூல்கள் வழங்கிய நாடு அது. 1823இல் தொடங்கி 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1841இல் உதயதாரகை இதழ் வெளிவரத் தொடங்கியது. 1855இல் வீசகணிதம் தமிழ் நூலாக வெளியிடப்பட்டது. அமெரிக்க மிஷன் மருத்துவராகிய ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நேதன் வார்டு வட்டுக்கோட்டையிலும் பணிபுரிந்திருந்தனர்.

இப்பின்னணியில் 1847இல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் பிறந்தவர். மானிப்பாயில் மருந்தகமும் மருத்துவமனையும் நிறுவி, 1848 முதல் இளைஞர்க்கு மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். தொடக்க வகுப்புகள் ஆங்கில வழியிலேயே நடந்தன. ஆனால் அவர் தமிழ் பயின்று, 1850களிலேயே கால்வின் கட்டரின் பள்ளிப் பாடநூலை அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரால் தமிழில் ஆக்கினார். மோன்செலின் நூல் பிரசவ வைத்தியமாயிற்று.

1850களின் இறுதியில் தாயகம் சென்ற கிறீன் 1862இல் மீண்டார். 1864 முதல் மருத்துவக் கல்வியை முழுமையாகத் தமிழில் நடத்தத் துணிந்தார். இத்துணிவுக்கு அடிப்படை ஒரு சமூகக் கணிப்பு. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரை விட்டு நீங்குவர். தமிழில் பயின்றோர் ஊரிலேயே தங்கி ஊராருக்குப் பயன்படுவர் என்று அவர் கருதினார். சமயப் பணியின் நோக்கமும் இதனுடன் இணைந்திருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு ஏலாது. அதனால் நூல்களின் பயன் குறையும் எனல் அதனினும் ஏலாது.

வகுப்புக்கு நூல்கள் வேண்டும். 1867இல் துருவித்தின் அறுவை நூல் இரண வைத்தியம் எனவும், 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் எனவும், அதே ஆண்டில் ஹூப்பரின் நூல் வைத்தியாகரம் எனவும், 1875இல் வெல்சின் வேதியியல் கெமிஸ்தம் எனவும் வெளிவந்தன. கிறேயின் மூலநூல் 1858இல் முதலில் வெளிவந்தது என்பதை எண்ணினால், பதினான்கு ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டமை புலனாகும். 1873இல் கிறீன் உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் பணி நிற்கவில்லை. டால்டனின் உடலியக்க நூல் மனுஷ சுகரணம் என்னும் பெயரால் 1883இலும், வாரிங்கின் மருந்து நூல் இந்து பதார்த்த சாரம் என்னும் பெயரால் 1884இலும் வெளிவந்தன. அவ்வாண்டே கிறீன் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்த கல் அவர் கல்லறையில் உள்ளது.

இந்நூல்கள் ஒருவரின் தனி முயற்சியால் விளைந்தவை அல்ல. டான்வர்த், சாப்மன், பால், சுவாமிநாதன் முதலிய அவர்தம் மாணாக்கர் மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு கொண்டனர். மருத்துவமும் தமிழும் ஒருங்கே அறிந்த அவர்கள் உழைப்பின்றி நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அச்சேறியிரா.

6. சொல்லாக்க நெறி

இந்நூற்பெயர்களே கிறீன் குழுவினரின் சொல்லாக்க நெறியை அறியப் போதிய சான்று. அங்காதிபாதம் என்பது புதிதாகக் கட்டப்பட்ட சொல் அன்று. நாட்டு மருத்துவ மரபில் வழங்கிய பெயர். அதனை உடற்கூற்றியலுக்குரியதாக்கினர். சுகரணம் என்பதில் கரணம், கருவி செயல் என்னும் இருபொருளும் உடையது. உறுப்பாகிய கருவியும் அதன் செயலும் ஒருங்கே தோன்ற இயல்பான தொழிற்பாடு என்னும் கருத்தை அச்சொல் தருகிறது. உடலியக்கம் என்னும் இன்றைய சொல் எளிமையால் சிறந்ததாயினும், உறுப்பும் தொழிலும் பிரியாதவை என்னும் நுட்பம் பழைய சொல்லில் மிகுதி. கெமிஸ்தம் என்பதோ மூன்றாம் வகை. ஏற்ற சொல் இல்லாவிடத்துப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கேற்பத் திரித்து அமைத்துக்கொண்டனர். ஆக, உள்ள தமிழ் வழக்கு, வடமொழி ஆக்கம், ஒலிபெயர்ப்பு என்னும் மூன்றும் அவர்களிடம் காணப்படுகின்றன. நூல்களுடன் அருஞ்சொற்பட்டியல்களும் ஆக்கப்பட்டமை, சொற்கள் நூலுக்கு நூல் மாறாதிருக்க வேண்டும் என்னும் கவனத்தைக் காட்டும்.

பழைய சொல் பழைய கொள்கையைச் சுமந்து நிற்கும். ஆதலின் புதிய அறிவைப் பழைய சொல்லால் கூறலாகாது என்பது இந்திய மொழிகளுக்கு எதிராக அன்றும் இன்றும் கூறப்படும் தடை. இத்தடையைச் சொல் வரலாற்றால் ஆராய்வது தகும். தமனி என்னும் வடசொல்லின் வேர் ஊதுதல் என்னும் பொருளது. தொப்புளிலிருந்து தோன்றும் குழாய் எனச் சுசுருதர் கூறிய சொல்லை இன்று நெஞ்சிலிருந்து செல்லும் குழாய்க்கு வழங்குகிறோம். இடர் ஏதும் இல்லை. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. மூச்சுக்குழலுக்கும் உரியதாயிருந்த அச்சொல், இறந்த உடலில் இக்குழாய்கள் வெறுமையாகக் காணப்பட்டமையால் அவை காற்றைத் தாங்குவன என்னும் பிழையான கருத்துடன் வழங்கியது. ஹார்விக்குப் பின் ஐரோப்பியர் அச்சொல்லைக் கைவிடவில்லை, பொருளை மாற்றிக்கொண்டனர்.

நரம்பு என்பதும் இவ்வாறே. பழந்தமிழில் யாழின் நரம்பையும் உடலில் தெரியும் நாளத்தையும் குறித்த சொல், இன்று உணர்வைக் கடத்தும் இழைக்கு உரியதாயிற்று. கிரேக்கத்தில் அதற்குரிய சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்ததே. சொல்லின் பிறப்பு அதன் வரையறையைக் கட்டுப்படுத்துவதில்லை. வகுப்பறையும் நூலும் பயன்பாடும் சேர்ந்தே வரையறையை நிலைநிறுத்துகின்றன. கிறீன் குழுவினர் இதனைச் செயலில் காட்டினர்.

7. முயற்சி நின்றமைக்குரிய காரணங்கள்

தமிழ் வழி வகுப்பு கிறீன் திரும்பிச் சென்ற சில ஆண்டுகளில், 1870களின் முடிவையொட்டி, நின்றுபோயிற்று. நூல்களின் குறையால் அது நின்றது எனல் பொருந்தாது. உடலியக்க நூல் வெளிவந்ததே அதன் பின்னர்தான். மாணவரே ஆங்கில வழிக் கல்வியை வேண்டினர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. 1870இல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தொடங்கியது. அரசு மருத்துவப் பணிக்கு ஆங்கிலம் வாயிலாயிற்று. தமிழில் பயின்றவர்க்கு அத்தகைய வாயில் இல்லை. ஊரில் தங்குவர் என்று கிறீன் எதனை நன்மையாகக் கணித்தாரோ, அதுவே மாணவர் நோக்கில் முன்னேற்றத்தைத் தடுக்கும் வேலியாகத் தோன்றியது. ஒரு மொழியில் கற்றல் நிலைபெற நூல் மட்டும் போதாது. அம்மொழியில் கற்றவர்க்குத் தொழிலும் மதிப்பும் வேண்டும்.

ஐதராபாத்தின் வரலாறு இதற்கு மறுதலையான சான்று. அங்கு 1917இல் மொழிபெயர்ப்புத் துறையும் 1918இல் உசுமானியப் பல்கலைக்கழகமும் அரசின் ஆதரவுடன் தோன்றின. மருத்துவம் உருது வழியில் கற்பிக்கப்பட்டது. பட்டம் பெற்றவர்க்கு அவ்வரசின் பணியும் இருந்தது. 1948இல் அரசு மாறியபின் அக்கல்வியும் ஆங்கிலத்திற்கு மாறியது. மொழியின் ஆற்றல் ஓராண்டில் மாறிவிடவில்லை. அதனைத் தாங்கிய அமைப்பே மாறியது.

மற்றொரு காரணமும் உண்டு. உடலியக்க அறிவு நில்லாது வளர்வது. 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் சிறுகுடல் குருதியில் விடும் ஒரு பொருளால் கணையம் சுரக்கத் தூண்டப்படுவதைக் கண்டனர். 1905இல் ஹார்மோன் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. நரம்பால் மட்டுமன்றிக் குருதி வழிச் செல்லும் தூதாலும் உறுப்புகள் இயைகின்றன என்னும் இவ்வறிவு 1883இன் நூலில் இடம்பெறல் இயலாது. மூல நூல்கள் மறுபதிப்புத் தோறும் புதுக்கப்பட்டன, தமிழாக்கங்கள் புதுக்கப்படவில்லை. ஒருமுறை மொழிபெயர்த்து நிறுத்தப்பட்ட நூல் விரைவில் அறிவியல் நூல் என்னும் தகுதியை இழந்து வரலாற்றுச் சான்றாக மாறிவிடுகிறது.

8. இரு கிளைகள்

20ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் மீண்டும் எழுந்தபோது மானிப்பாய்ச் சொற்களில் சிலவே தொடர்ந்தன. தமிழகத்தில் 1916இல் இராஜாஜி முதலியோர் தொடங்கிய அறிவியற்சொல் முயற்சியும், 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்களும், 1954 முதல் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியமும் ஒரு கிளை. இலங்கையில் பள்ளிக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது உருவான சொற்றொகுதி மற்றொரு கிளை.

இவ்விரு கிளைகளும் ஒரே உடலை இருவகையாகப் பெயரிட்டன. தமிழகத்தில் தமனி, சிரை. இலங்கையில் நாடி, நாளம். இங்கே செல், திசு. அங்கே கலம், இழையம். இங்கே கணையம், அங்கே சதையி. இங்கே செரிமானம், அங்கே சமிபாடு. உறுப்புகளின் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லிலேயே வேறுபாடு உண்டு. தமிழகப் பாடநூல் இரத்த ஓட்ட மண்டலம் என்னும். இலங்கைப் பாடநூல் குருதிச் சுற்றோட்டத் தொகுதி என்னும். மண்டலம் வட்டத்தையும் எல்லையையும் நினைப்பிக்கிறது. தொகுதி, பல சேர்ந்து ஒன்றாதலை நினைப்பிக்கிறது. ஹார்வியின் சுற்றுக்கு முன்னதும், பெர்னாரின் இயைபுக்குப் பின்னதும் பொருந்துவன என்று கூறலாம். இரண்டும் பிழையல்ல. ஆனால் நாடி என்னும் சொல்லை ஒரு கரையில் துடிப்புக்கும் மறுகரையில் குழாய்க்கும் வழங்கும்போது, ஒருவர் எழுதியதை மற்றவர் பிழையாக உணர இடமுண்டு. மருத்துவத்தில் அவ்விடம் சிறிதன்று.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். உடலியக்க அறிவைத் தமிழில் கூற இயலுமா என்னும் வினா 1883இலேயே விடை பெற்றுவிட்டது. இயலாமை மொழியில் இல்லை, தொடர்ச்சியின்மையிலேயே உள்ளது. நூல், சொற்பட்டியல், வகுப்பு, தொழில் வாய்ப்பு, மறுபதிப்பு என்னும் ஐந்தும் ஒருங்கமைந்தாலன்றித் தாய்மொழி வழி மருத்துவக் கல்வி நிலைபெறாது. மானிப்பாயில் முதல் மூன்றும் இருந்தன; பின் இரண்டும் இல்லை. 2022இல் மத்தியப் பிரதேச அரசு முதலாண்டு மருத்துவ மாணவர்க்கு உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்களை இந்தியில் வெளியிட்டது. அம்முயற்சியின் எதிர்காலத்தை மதிப்பிடவும் இவ்வைந்தும் உரைகல்லாகும்.

மருத்துவர் எம்மொழியில் பயின்றாலும் நோயாளர் தம் மொழியிலேயே நோயைக் கூறுகின்றனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக விட்டு, எஞ்சியதைக் குருதிக்கே மீட்டளிக்கும் உறுப்பு சிறுநீரகம் என்பதை அறிந்தவர், அதன் பழுதுக்குரிய மருத்துவத்திற்கு இசைவதா மறுப்பதா என்பதைத் தாமே எண்ணித் துணியலாம். அறியாதவர் பிறர் காட்டிய இடத்தில் கையொப்பமிடுவர். உடலியக்கம் பற்றிய தமிழ் நூல் மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணரலாம்.

செய்யத்தக்கன மூன்று. எஞ்சியுள்ள மானிப்பாய் நூல்களை மின்படியாக்கி அவற்றின் சொற்களை அகரவரிசையில் தொகுத்தல் முதலாவது. தமிழக, இலங்கை வழக்குகளை அருகருகே நிறுத்தி, பொருள் மயக்கம் தருவனவற்றையேனும் உடன்பட்டு வரையறுத்தல் இரண்டாவது. ஆக்கிய நூலைக் குறித்த கால இடைவெளியில் புதுக்கும் பொறுப்பை நிறுவனம் ஒன்று ஏற்றல் மூன்றாவது. இப்னு அல்நஃபீஸின் உரை படிப்பாரை நோக்கி ஆறு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. மனுஷ சுகரணம் அச்சாகி நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்துள்ளன. அதன் சொற்களேனும் இத்தலைமுறையில் படிக்கப்பெற்று, மதிப்பிடப்பெற்றுப் பயன்பாட்டிற்கு வருதல் வேண்டும்.